கம்பத்து வெயிலுக்குக் காரணம் புகையா, வெட்டிய காடா?

கம்பம்மெட்டு ஏறி, இடுக்கி மலையில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "காட்டை அழிச்சதாலதான் மழையும் போச்சு, வெயிலும் ஏறிச்சுன்னு தாத்தா சொல்றார். படித்தவர்கள் பெட்ரோல், நிலக்கரிப் புகை என்கிறார்கள். இரண்டில் எது சரி? மனிதன் நிலத்தை மாற்றத் தொடங்கியது எப்போது? எங்கள் ஏலத்தோட்டத்துக்கும் கீழே அப்பாவின் இரண்டு ஏக்கர் நெல்லுக்கும் இதில் பங்கு உண்டா?"

தம்பி, தாத்தா சொல்வதும் சரி, மற்றவர்கள் சொல்வதும் சரி. ஆளுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறார்கள், அதனால்தான் குழப்பம். ஒரு மரத்தை வெட்டும்போது இரண்டு காரியம் நடக்கிறது. மரத்திலும் மண்ணிலும் இருந்த கரி (கார்பன்), எரிந்தோ மட்கியோ கரியமில வாயுவாகக் காற்றில் சேர்கிறது. அந்த வாயுவுக்கு ஊர் கிடையாது. வண்டன்மேட்டில் எரித்தாலும் பிரேசிலில் எரித்தாலும் ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிடும். அது உலகக் கணக்கு. இரண்டாவது காரியம், மரம் நின்ற இடத்தில் வந்து விழும் வெயில் அதன்பின் எங்கே செலவாகிறது என்பது. இது ஊர்க் கணக்கு. அந்த மலையும் அதன் அடிவாரமும் மட்டும் அனுபவிப்பது. தாத்தா தன் உடம்பில் உணர்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கைத்தான். செய்தித்தாளில் வருவது முதல் கணக்கு.

ஊர்க் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதை யாரும் சரியாக விளக்குவதில்லை. நிலத்தில் விழும் வெயிலில் ஒரு பங்கு வானத்துக்கே திரும்பிப் போகும். மிச்சத்துக்கு இரண்டே வழி: ஈரம் இருந்தால் அதை ஆவியாக்கும், ஈரம் இல்லாவிட்டால் தரையையும் காற்றையும் சுட வைக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். நல்ல ஈரமுள்ள மண்ணில் நிற்கும் பெரிய மரம் ஒன்று நாளைக்கு 100 லிட்டர் நீரை இலை வழியே விடுகிறது என்று வையுங்கள். 68 யூனிட் வெப்பம் அந்த வேலையிலேயே கரைந்துவிடுகிறது. ஒன்றரை டன் ஏசி ஒன்று 13 மணி நேரம் ஓடி ஓர் அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ளும் சூடு கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த வெப்பம் காணாமல் போவதில்லை. ஆவியோடு மேலே ஏறி, மேகம் கூடும் உயரத்தில் வெளிப்படும். நம் தலைக்கு மேலே வெகுதூரத்தில். மரத்தை எடுத்துவிட்டால் அதே வெயில் நம் முகத்தில் காய்கிறது.

இதில் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அடர்ந்த காடு இருண்ட நிறம். விழும் வெயிலில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பங்கைத்தான் அது திருப்பி அனுப்பும். காய்ந்த புல்லும் பயிரும் இருபது, இருபத்தைந்து பங்கு வரை அனுப்பும். அப்படியானால் காட்டை வெட்டினால் நிலம் குளிர வேண்டுமே? சைபீரியா, கனடா போன்ற இடங்களில் உண்மையாகவே அப்படித்தான் நடக்கிறது. அங்கே மரம் போனால் குளிர்காலப் பனி வெளியே தெரிந்து பெரும்பகுதி வெயிலைத் திருப்பிவிடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஆவியாதல்தான் பெரிய செலவு. அதனால் இங்கே காடு போனால் ஊர் சுடும். இடுக்கி மலையில் வெட்டிய ஒரு ஏக்கருக்கும் சைபீரியாவில் வெட்டிய ஒரு ஏக்கருக்கும் கரிக் கணக்கு ஒரே மாதிரி இருந்தாலும் வெப்பக் கணக்கு ஒன்றல்ல.

சரி, எப்போது தொடங்கியது? பெரும்பாலோர் நினைப்பதைவிட வெகு முன்பே. கடைசிப் பனிக்காலம் முடிந்தது சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன். அதற்குப் பின் உலகின் பல மூலைகளில் தனித்தனியாக விவசாயம் பிறந்தது. அதற்கு முன்பே வேட்டையாடிகள் புல்லுக்காகவும் இரைக்காகவும் காட்டுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். 3,000 ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தின் பெரும்பகுதியில் வேட்டையாடிகள், மேய்ப்பர்கள், உழவர்கள் கை பட்டுவிட்டது என்று 2019இல் நூற்றுக்கணக்கான தொல்லியலாளர்கள் சேர்ந்து தொகுத்த ஆய்வு காட்டியது. தமிழில் இதற்கு நேரடிச் சாட்சி இருக்கிறது. கரிகாலனைப் புகழும் பட்டினப்பாலை, அவன் காடு கொன்று நாடாக்கினான், குளம் தோண்டி வளம் பெருக்கினான் என்கிறது. "கொன்று" என்ற சொல்லைக் கவனியுங்கள். காட்டை நாடாக்குவது அரசனுக்குப் பெருமை சேர்க்கும் வேலையாக அன்றைக்கே இருந்திருக்கிறது.

அந்தப் பழங்காலத்து வேலையே வானிலையைத் தொட்டதா என்பதில் ஒரு பெரிய விவாதம் உண்டு. 2003இல் வில்லியம் ரடிமேன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். பனிப்பாளங்களில் சிக்கியிருக்கும் பழைய காற்றுக் குமிழிகளைப் பார்த்தால், ஏழெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து கரியமில வாயுவும் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து, அதேபோல் சூடேற்றும் இன்னொரு வாயுவான மீத்தேனும் மெல்ல ஏறுகின்றன. முந்தைய வெப்பக் காலங்களில் இவை இறங்கித்தான் போயின. முதலாவதற்குக் காட்டை அழித்து உழுததும், இரண்டாவதற்கு நீர் கட்டிய நெல் வயலும் கால்நடையும் காரணம் என்றார் அவர். கரியமில வாயு விஷயத்தில் கடலின் பங்கே பெரிது என்று பலர் மறுக்கிறார்கள். மீத்தேன் விஷயத்தில், ஆசியாவில் நெல்லும் மாடும் பரவிய காலத்தோடு ஏற்றம் ஒத்துப்போகிறது. எனக்கு ரடிமேன் சொன்னதில் மீத்தேன் பாதி வலுவானதாகத் தோன்றுகிறது, கரிப் பாதி இன்னும் நிரூபணமாகவில்லை.

இதே விவாதத்தின் இன்னொரு முனை அமெரிக்கக் கண்டம். 1492க்குப் பின் ஐரோப்பியர் கொண்டுபோன நோயிலும் போரிலும் அங்கே கோடிக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். உழவர் இல்லாத நிலத்தில் காடு மீண்டது. 1600ஐ ஒட்டிக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு ஏழு முதல் பத்துப் பங்கு வரை குறைந்ததற்கு இந்த மறுகாடும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சிலர் கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனை சாவின் மேல் வளர்ந்த காட்டை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப் போகிறது. காடு திரும்பினால் காற்று மாறும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை.

அடுத்த நானூறு ஆண்டுகளை வேகமாகத் தாண்டலாம். கரும்பு, பருத்தி, காபி, தேயிலை, ரப்பர், ரயில். 1850 முதல் இன்று வரை மனிதர் காற்றில் சேர்த்த கரியமில வாயுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலத்தை மாற்றியதால் வந்தது. இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது: இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் ஒவ்வொரு ஆண்டும் நிலக்கரி, எண்ணெய்ப் புகையைவிடக் காடழிப்பும் உழவும்தான் அதிகக் கரியமில வாயுவை வெளியிட்டன. அதன்பிறகு புகை எகிறிப் போய்விட்டது. காற்றில் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இந்த ஏற்றத்துக்கு இன்றைய பெருங்காரணம் புகைதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கு இடையேயான குழு 2019இல் வெளியிட்ட நில அறிக்கையின்படி, விவசாயம், காடு, பிற நிலப் பயன்பாடு மூன்றும் சேர்ந்து மனிதர் வெளியிடும் வெப்ப வாயுக்களில் 23 சதவீதம். பனி மூடாத நிலத்தில் 70 சதவீதத்துக்கு மேல் மனிதரால் பாதிக்கப்பட்டது என்கிறது அதே அறிக்கை. மறுபக்கம், நாம் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் காடும் மண்ணும்தான் ஒவ்வொரு ஆண்டும் இழுத்துக்கொள்கின்றன. வாங்கிக்கொள்வதும் நிலம், வெளியே விடுவதும் நிலம்.

இனி நம் மலைக்கு வருவோம். குமுளி, தேக்கடிப் பக்கம் மன்னான்களும் பளியர்களும், மூணாறு பக்கம் முதுவர்களும் காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்துக் கேழ்வரகும் தினையும் விதைத்து, ஓரிரு வருடத்தில் அதை விட்டுவிட்டு வேறு துண்டுக்குப் போனார்கள். சங்கப் பாட்டில் வரும் தினைப்புனம் இதுதான். விட்ட இடத்தில் காடு திரும்பும். கரிக் கணக்கில் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும், மக்கள் தொகை குறைவாக இருக்கும் வரை.

திரும்பாத மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. பீர்மேடு, தேவிகுளம் மலைகளில் முதலில் காபி. இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் கிளம்பித் தென்னிந்தியக் காபித் தோட்டங்களையும் தின்றது. அதன்பின் தேயிலை. மூணாற்றைச் சுற்றிய கண்ணன் தேவன் மலையை ஜே. டி. மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து பெற்றது 1877இல். தேயிலைக்குக் காட்டை மொட்டையாக வழித்தெடுக்க வேண்டும், நிழலுக்குச் சில சில்வர் ஓக் மரங்களை மட்டும் நட்டுக்கொள்வார்கள். 1895இல் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை வந்து பெரியாற்று நீரைச் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பியது. நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் தேக்கடி ஏரியில் இன்றும் நிற்பதைப் படகில் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போர்க்காலப் பஞ்சம். அரிசி வராமல் போனதால் 1940களில் திருவிதாங்கூர் அரசே மலைக் காட்டை உணவுப் பயிருக்குத் திறந்துவிட்டது. ஐம்பதுகளில் குடியேற்றத் திட்டங்கள். பசித்தவர்கள் மலை ஏறினார்கள், வேறு வழியில்லாமல். காடு போனதற்கு அவர்களை மட்டும் குற்றவாளியாக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

அணை நீர் கீழே என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் கொட்ட, இந்தப் பக்கம் வெறும் காற்று மட்டும் வீசும் மழை மறைவு நிலம் நம்முடையது. அங்கே 14,707 ஏக்கர் இருபோக வயலாயிற்று. நீர் நிற்கும் வயல் பகல் வெயிலை ஆவியாக்கிச் செலவழிக்கும். அதனால் பாசனப் பகுதிகளில் பகல் சூடு குறையும், கூடவே புழுக்கம் ஏறும். தாத்தா சிறுவனாகப் பார்த்த கம்பம் பள்ளத்தாக்கு ஏற்கெனவே மனிதர் குளிர்வித்த பள்ளத்தாக்கு. அதில் வயல் குறைந்து வீட்டுமனையும் தார்ச் சாலையும் சிமென்ட் கூரையும் ஏறியபோது, அந்தக் குளிர்ச்சியைத்தான் முதலில் இழந்தோம். ஊருக்குள் ராத்திரியிலும் இறங்காத சூட்டுக்கு, மலையில் வெட்டிய காட்டைவிடத் தெருவில் போட்ட கான்கிரீட்டே நேரடிக் காரணம் என்பது என் எண்ணம்.

மழையைப் பற்றி. காடு போனதால் மழை போனது என்று முழுக்கச் சொல்ல முடியாது. நமக்கு வரும் மழையின் ஈரத்தில் பெரும்பகுதி கடலிலிருந்து வருவது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வங்கக் கடலே ஆதாரம். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் வரும் மழைக்கு மலைக்காடும் பங்கு தருகிறது. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, பருவமழை குறைந்த காலங்களில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் தென்மேற்குப் பருவ மழையின் ஈரத்தில் கால் பங்கோ அதற்கு மேலோ மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் இலை வழியே விட்ட நீர். கேரளத்தில் பெய்த மழையை மரம் உறிஞ்சி, மறுபடி ஆவியாக்கி, காற்றின் கையில் கொடுத்து இந்தப் பக்கம் அனுப்புகிறது. பெரியாற்று நீர் சுரங்கத்தில் வருவது கண்ணுக்குத் தெரிகிறது. தலைக்கு மேலே வரும் இந்த நீர் தெரிவதில்லை. நல்ல மழை ஆண்டில் இதன் அருமை தெரியாது, வறட்சி ஆண்டில்தான் தெரியும்.

மழை அளவு மாறாமலேயே ஆறு வற்றலாம் என்பதையும் தாத்தாவிடம் சொல்லுங்கள். வருசநாட்டு மலையில் காட்டை எடுத்து இலவமும் எலுமிச்சையும் வைத்த சரிவுகளில் பெய்யும் மழை, ஊறாமல் ஓடிவிடுகிறது. வைகையில் வெள்ளம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். "மழை போச்சு" என்று நாம் சொல்வதில் பாதி, மழை வந்தும் நிற்காமல் போனதுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மலை உச்சியில் புல்வெளியைப் பார்த்ததும், காடு அழிந்த இடம் என்று நினைத்து மரம் நடக் கிளம்புகிறார்கள். சோலைக்காட்டை ஒட்டிய அந்தப் புல்வெளிகள் இயற்கையானவை. நீலகிரிச் சதுப்புகளில் படிந்த பழைய மட்கை ஆராய்ந்து, அங்கே 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்ததை 1990களில் காட்டிவிட்டார்கள். ஆங்கிலேயர் அதில் கொண்டுவந்து வைத்த தைல மரமும் சீகை மரமும் ஊற்றுகளைக் குடித்துவிட்டன. புல்லின் கரி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைத் தோண்டி மரம் வைப்பது இரண்டு கணக்கிலும் நஷ்டம்.

இப்போது உங்கள் ஏலத்தோட்டம். இந்தியாவில் காட்டை முழுக்க வழிக்காமல் செய்யக்கூடிய பணப்பயிர்களில் ஏலம் முக்கியமானது. அதற்கு வடிகட்டிய வெயில்தான் பிடிக்கும், மேலே மரம் வேண்டும். அதனால் தேயிலை மலையைவிட ஏலமலை கரியையும் ஈரத்தையும் அதிகம் காப்பாற்றி வைத்திருக்கிறது. இதை நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். சிக்கல் எங்கே வந்தது என்றால், எண்பதுகளின் கடைசியில் இடுக்கி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் பரவிய பிறகு. அது நன்றாகக் காய்க்கும், பழைய ரகங்களைவிட வெளிச்சமும் தாங்கும், உரமும் தண்ணீரும் நிறையக் கேட்கும். காய் கூட வேண்டுமென்று ஆண்டுக்கு ஆண்டு கவாத்தில் (நிழல் மரத்தின் கிளை கழிக்கும் வேலையில்) நிழலைக் கூடுதலாகக் கழித்தார்கள். நாட்டு மரம் விழுந்த இடத்தில் சில்வர் ஓக் வைத்தார்கள். 2024 கோடையில் இடுக்கியில் பெரும்பரப்பில் ஏலச்செடி காய்ந்து சாய்ந்தது நினைவிருக்கும். உலகச் சூடு ஒரு பக்கம், குறைந்த நிழல் மறுபக்கம். உலகக் கணக்கில் உங்கள் தோட்டம் ஒரு துளி. ஊர்க் கணக்கில் அந்த நிழல்தான் செடிக்கும் ஆவியாகும் ஈரத்துக்கும் பாதுகாப்பு. மேற்பார்வை உங்கள் கையில் இருப்பதால் சொல்கிறேன்: மழைக்கு முன் கவாத்து பண்ணும்போது தெற்கு, மேற்குச் சரிவுகளில் மட்டுமாவது கொஞ்சம் கையைக் கட்டுங்கள். பிற்பகல் வெயில் அங்கேதான் விழுகிறது. விழுந்த மரத்துக்குப் பதில் பலாவோ முருக்கோ வையுங்கள். உரத்தையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டாம். செடி எடுக்காத தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் போகும். எடைக்கு எடை அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடேற்றும்.

அப்பாவின் நெல்லுக்கு இதைவிடச் சுலபமான வழி உண்டு. வயலில் நீர் நிற்கும்போது மண்ணுக்குள் காற்று போகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மட்கை மீத்தேனாக்கும், அது நெல் தண்டு வழியாகவே மேலே வந்துவிடும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 27 மடங்கு. நீரை இடையிடையே வற்றவிட்டால் அந்த நுண்ணுயிர்கள் அடங்கும். திருந்திய நெல் சாகுபடியில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதேதான். மீத்தேன் மூன்றில் ஒரு பங்காவது குறையும், பல இடங்களில் பாதி வரை குறைந்திருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடும், ஆனாலும் மொத்தத்தில் லாபம். விளைச்சலும் குறையாது, தண்ணீரும் மிச்சம்.

ஜூனில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து நடவு முடிந்ததும், ஒரு அடி நீளப் பிளாஸ்டிக் குழாயில் சுற்றிலும் துளை போட்டு, பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கும்படி வயலில் ஊன்றச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். நட்ட இரண்டு வாரம் கழித்து, குழாய்க்குள் நீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு ஐந்து சென்டிமீட்டர் நிற்கும் அளவுக்குப் பாய்ச்சினால் போதும். முறைத் தண்ணீர் தள்ளிப் போகும் வாரத்தில் அப்பா பதறாமல் இருக்கவும் அந்தக் குழாய் உதவும், வேருக்கு எட்டும் தூரத்தில் நீர் இருப்பது கண்ணுக்கே தெரியும். கதிர் பூக்கும் வாரத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.